நெவில் வந்தாச்சு

டீத் தட்டோடு நெவில் கதவைத் தள்ளியதும் உள்ளே பேச்சு மாறியது.

படியேறும்போது கேட்டுக்கொண்டேதான் வந்தான். வெல்ஷ் மொழியில் மூன்று குரல்கள். நெஸ்டாவின் அண்ணன் எம்ரிஸ், தங்கை மென்னா, நடுவில் தேய்ந்துபோன நெஸ்டாவின் குரல். அவனுக்குப் பாதி புரிந்தது. ஆட்டுச் சந்தை, யாருடைய தொப்பியோ, அதைத் தின்றுவிட்ட ஒரு கிடா.

நெஸ்டா சிரித்தாள். பக்கவாதம் வந்த பிறகு மனைவி சிரித்து அவன் கேட்டதே இல்லை.

"வாப்பா நெவில், மழை விடாது போலிருக்கே," என்றார் எம்ரிஸ். ஆங்கிலத்தில்.

அவ்வளவுதான். மென்னாவும் ஆங்கிலத்துக்குத் தாவினாள். மழை, பாலத்தில் தேங்கிய தண்ணீர், கிளம்ப மறுக்கும் டிராக்டர். தொப்பியும் கிடாவும் போன இடம் தெரியவில்லை.

கட்டிலில் கிடந்த நெஸ்டா ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பக்கவாதம் அவளுடைய வலது கையோடு ஆங்கிலத்தையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தது. மிஞ்சியது பிறந்த வீட்டு மொழி மட்டும். முப்பத்தொரு வருடம் ஆங்கிலேயனான அவனோடு ஆங்கிலத்தில் குடும்பம் நடத்தியவள், சண்டையும் அதிலேயே போட்டவள், இப்போது தண்ணீர் வேண்டும் என்பதைக்கூட அதில் கேட்க முடியாமல் தவித்தாள்.

நெவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மாலை நேரங்களில் நூலகத்து வகுப்புக்குப் போய் வெல்ஷ் கற்றான். பேசிப் பழகத்தான் ஆள் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் ஊரே வெல்ஷ் பேசுகிற ஊர். ரொட்டிக்கடையில் அவன் வெல்ஷில் கேட்டால் பதில் ஆங்கிலத்தில் வந்தது. பாவம், அவன் சிரமப்படக் கூடாதாம். அந்த இரக்கத்தை நினைத்தாலே அவனுக்கு உடம்பு எரிந்தது.

தட்டை வைத்த வேகத்தில் கோப்பைகள் குலுங்கின.

"வெல்ஷ்ல பேசுங்க," என்றான் வெல்ஷில். "அவளுக்கு அதுதான் புரியும்."

மென்னா கைதட்டினாள். "அடடா, எவ்ளோ நல்லா வருது உங்களுக்கு," என்றாள் ஆங்கிலத்தில்.

"இருக்கட்டும்ப்பா. உன்னை விட்டுட்டு நாங்க மட்டும் பேசினா நல்லாவா இருக்கும்?" எம்ரிஸும் ஆங்கிலத்தில்தான்.

நல்லா இருக்காதாம். படுத்துக் கிடப்பவளை விட்டுவிட்டுப் பேசுவது மட்டும் நன்றாக இருக்கிறதா?

கல்யாணமோ சாவோ, கிறிஸ்துமஸ் விருந்தோ, எந்த அறையில் அவன் கால் வைத்தாலும் அத்தனை பேர் நாக்கும் திரும்பிக்கொள்ளும். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு உள்ளூரக் குளிர்ந்துபோனவன்தான் அவனும். இன்று அந்த மரியாதையை அள்ளி வெளியே மழையில் கொட்ட வேண்டும்போல் இருந்தது.

அவன் வரும்வரை அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த ஒன்றை அவனால் தாங்க முடியவில்லை.

"எனக்காக ஒண்ணும் பேச வேணாம்." கத்தினான். தெரிந்த வெல்ஷ் எல்லாம் முட்டி மோதிக்கொண்டு வந்தது. "எனக்குப் புரியாட்டி புரியாமலே உட்கார்ந்திருக்கேன். அவகிட்ட அவ பாஷையில பேசுங்க. இல்ல, எழுந்து போங்க."

எம்ரிஸ் தலையைக் குனிந்துகொண்டார். மென்னா தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெஸ்டாவின் உதடுகள் அசைந்தன.

நெவில் ஓடிப்போய்க் குனிந்தான். வெல்ஷில் அவள் எதைச் சொன்னாலும் ஒரு சொல் விடாமல் பிடித்துக்கொள்ளத் தயாராக இருந்தான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. இடது கையைத் தூக்கி, அண்ணனையும் தங்கையையும் நோக்கி விரலை ஆட்டினாள்.

ஆங்கிலம். ஒரு பிசிறு இல்லை. ஒவ்வொரு விருந்திலும் அவன் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் அவள் போடும் அதே அதட்டல். கேட்டுக் கேட்டு, அப்படி ஒன்று உண்டு என்பதையே அவன் மறந்துபோயிருந்தான்.

"எல்லாரும் இங்கிலீஷ்ல பேசுங்க. நெவில் வந்தாச்சு."