பன்னிரண்டு வோல்ட் பாட்டு

"பெட்டியில ஆயிரம் வாட்ஸ்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குல்ல? எங்க தம்பி அந்த ஆயிரம்?"

கர்ணன் மறுபடியும் வந்து நின்றார். சின்னமனூரில் கார் ஆடியோ கடை வைத்திருக்கும் ஜோயலுக்கு அவர் ஓட்டும் ஜீப்பைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. கூடலூரிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப். அதில் ஆம்ப்ளிஃபயரும் பெரிய ஸ்பீக்கர் பெட்டியும் மாட்டிக் கொடுத்த நாளிலிருந்து மனுஷன் விட்டபாடில்லை.

"அண்ணே, அந்த ஆயிரம் பதினாலரை வோல்ட்டுக்குப் போட்ட கணக்கு. எஞ்சின் ஓடுனாத்தான் அது கிடைக்கும். ஆஃப் பண்ணிட்டா பேட்டரி பன்னிரண்டுதான் குடுக்கும். பவர் எழுநூறுக்கு இறங்கிரும்."

"எனக்கு ஆஃப்லதான் வேணும்."

"எஞ்சினை ஓடவிட்டுக் கேளுங்களேன்! என்ன குறைஞ்சு போச்சு?"

"அது ஆகாது. முடியாதுன்னா பொருளைத் திரும்ப எடுத்துக்க."

டீசல் மிச்சம் பிடிக்க இப்படியொரு பிடிவாதமா! கஞ்சன், மகா கஞ்சன் என்று ஜோயல் பல்லைக் கடித்தான்.

முன்சீட்டில் கர்ணனின் புது மனைவி பாண்டீஸ்வரி. வெயில் சுள்ளென்று அடிக்கிறதே என்று, "அக்கா, உள்ள வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டான். அவள் திரும்பக்கூட இல்லை.

அடேயப்பா, புருஷனுக்கு ஏத்த பொண்டாட்டிதான்!

கடுப்பில் அவனே சாவியைத் திருகி எஞ்சினைக் கிளப்பினான். பாட்டைப் போட்டான். கடைக் கண்ணாடியெல்லாம் கடகடவென்று ஆடியது.

"கேட்டீகளா? இதான்ணே ஆயிரம்!"

கர்ணன் எங்கே கேட்டார்? மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஜீப் கதவில் உள்ளங்கையைப் பதித்தாள். கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

கர்ணன் எட்டி எஞ்சினை அணைத்தார். பாட்டு நிற்கவில்லை, சத்தம் மட்டும் தணிந்தது. அவள் மறுபடியும் கையை வைத்தாள். இந்தத் தடவையும் இல்லை என்று தலையாட்டினாள்.

"அவளுக்குப் பிறவியிலேயே காது கேக்காது தம்பி" என்றார் கர்ணன் மெதுவாக. "நான் நாள் முச்சூடும் கேக்குற பாட்டு அவளுக்கும் எட்டணும்னு ஒரு ஆசை. எஞ்சின் ஓடுனா வண்டியே அதிருது. எது பாட்டு, எது ஜீப்புன்னு கைக்குத் தெரியல. ஆஃப் பண்ணா அதிர்வு பத்தல."

ஜோயல் ஜீப்பின் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். ஸ்பேனரை எடுத்தான். ஜீப்பின் கடைசியில் கிடந்த ஸ்பீக்கர் பெட்டியைக் கழற்றி, பாண்டீஸ்வரியின் முதுகுக்குப் பின்னால், சீட்டுக் கம்பியோடு சேர்த்து இறுக்கி முடுக்கினான்.

எஞ்சின் ஆஃப். அதே பன்னிரண்டு வோல்ட். பாட்டைப் போட்டான்.

பாண்டீஸ்வரி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கண் விரிந்தது. பிறகு மெல்லச் சிரித்து, கர்ணனின் தோளில் விரலால் தாளம் போட ஆரம்பித்தாள்.

ஓர் அடிகூடத் தப்பவில்லை.