துரைசாமிக்கு வந்த ரத்தக் கொதிப்பு

ஆவாரம்பட்டைக் குவியலுக்குப் பின்னால் நின்று, கவுஸ் பாஷா தன் தொப்பியைக் கழற்றித் துரைசாமியின் தலையில் வைத்தான். தொப்பி போனதும் கவுஸ் பாஷாவின் நெற்றியில் இறுக்கிக் கட்டிய துணி தெரிந்தது. ஒரு வாரமாக ஓயாத தலைவலியாம்.

"என்னடா, மாப்பிள்ளை மாதிரி இருக்கேனா?" என்றார் துரைசாமி.

ஆம்பூரில் தோல் பதனிடும் அந்த ஷாப்பில் அன்று ஆட்களுக்கு உடல் பரிசோதனை. சுண்ணாம்புக் குழியோரம் ஒருத்தன் தோல் தூக்கும்போதே சுருண்டு விழுந்து செத்ததும், முதலாளிக்கு ஆட்கள்மேல் பாசம் பொங்கிவிட்டது. வேலூரிலிருந்து டாக்டரை வரவழைத்தார். தேறாதவனுக்கு அன்றே சீட்டுக் கிழியும், அவ்வளவு பாசம்.

துரைசாமிக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். வேலை போனால் கிழவனை வேறெங்கும் சேர்க்க மாட்டார்கள். கவுஸ் பாஷா ஈர மாட்டுத்தோலைத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு நடப்பவன். உன் பேரில் நான் போகிறேன், என் பேரில் நீ போ, எனக்குப் பேரணாம்பட்டில் வேலை கிடைக்கும் என்று அவன்தான் சொன்னான். டாக்டருக்கு எல்லா முகமும் ஒன்றுதானே.

தொப்பியோடு போன துரைசாமியை டாக்டர் தோப்புக்கரணம் போடச் சொன்னார். பிறகு கையில் ரப்பர் பையைச் சுற்றிக் காற்றடித்தார். சைக்கிள் டியூபுக்கு அடிக்கிற காற்றை ஆளுக்கு அடிக்கத்தான் இத்தனை படிப்பா என்று, இரைக்கிற மூச்சோடு நினைத்துக்கொண்டார். பாவம், கவுஸ் பாஷாவின் வேலை போச்சு.

அடுத்து, துரைசாமி என்று பேர் சொல்லி கவுஸ் பாஷாவும் காற்றடித்துக்கொண்டு வந்தான். இருவரும் குழிக்குத் திரும்பியபின் கணக்குப்பிள்ளை வந்து டாக்டர் சொன்னதைச் சொன்னார். கவுஸ் பாஷாவுக்கு மூச்சு வாங்குவது பீடியால். மற்றபடி ஆள் திடம். துரைசாமிக்குத்தான் ரத்தக் கொதிப்பு எக்கச்சக்கம். இன்னொரு பாரம் தூக்கினால் மண்டைக்குள் நரம்பு வெடித்துவிடும், உடனே வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

இதைச் சொல்ல டாக்டர் எதற்கு, எங்களைக் கேட்டிருந்தால் போதுமே என்று குழியோரம் எல்லோரும் சிரித்தார்கள்.

கவுஸ் பாஷாவுக்கு முகம் செத்துப்போனது. "பேஜார் பிடிச்ச மிஷினு அண்ணே. நான் முதலாளி சாயபுகிட்ட பேசறேன், நீ கவலைப்படாதே," என்று முணுமுணுத்தான். நெற்றித் துணியை இன்னும் இறுக்கிக்கொண்டு, அடுத்த தோலைத் தூக்கக் குனிந்தான்.

துரைசாமி தொப்பியைக் கழற்றினார். கணக்குப்பிள்ளையின் காதில் நன்றாக விழட்டும் என்றே உரக்கச் சொன்னார்:

"அத்த கீழ போடு தம்பி. அந்தத் துரைசாமி நீதான்டா."