ஒரு அழைப்புக்கு ஒரு விண்ணப்பம்

காலை ஒன்பது அடித்ததும் இருபத்தாறு ஜன்னல்களிலிருந்தும் ஒரே குரல் கேட்டது.

"நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள். ஒரு அழைப்புக்கு ஒரு விண்ணப்பம் மட்டுமே. பத்து நிமிடத்தில் அழைப்பு தானாகத் துண்டிக்கப்படும்."

வெளியே போகத் தடை என்பதால் எல்லோரும் முற்றத்தைச் சுற்றியிருந்த ஜன்னல்களில்தான் இருந்தார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கம்பியோரம் வைத்துவிட்டு, பாத்திரம் தேய்த்துக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் அரசாங்கத்தைத் திட்டினார்கள். திட்டுவதில் எங்கள் குடியிருப்பை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

திட்டாமல் என்ன செய்வார்கள்? தொற்றுக்கால நிவாரணம் எல்லோருக்கும் உண்டு என்று முதலில் அறிவித்தார்கள். பிறகு, வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வருமான வரிக் கணக்குக் காட்டியிருந்தாலும் கிடையாது என்றார்கள். இந்த வீடுகளை வாங்கக் கடன் கேட்டபோது, வங்கி கேட்கிறதே என்று எல்லோரும் அந்த ஒரு முறை காட்டித் தொலைத்திருந்தார்கள்.

அப்புறம் கொஞ்சம் மனம் இரங்கி, வேலை போனவர்கள் போனில் முறையிடலாம் என்றார்கள். மொத்த நகரத்துக்கும் போன் எடுக்க ஆறு பேர். இன்றுதான் கடைசி நாள்.

"அந்த போன் எடுக்கிறவ மட்டும் என் கையில கிடைக்கட்டும், வாயைச் சேர்த்து வெச்சுத் தெச்சுடறேன்!" என்றாள் மூன்றாம் மாடித் தையற்காரி.

முற்றமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் யோசனை சொன்னதும் அவள்தான். ஒவ்வொரு வீடும் தன் விண்ணப்ப எண்ணைக் காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதி ஜன்னலில் ஒட்ட வேண்டும். யாருக்கு இணைப்பு கிடைத்தாலும் கெஞ்சிக் கூத்தாடி எல்லோருடையதையும் படித்துவிட வேண்டும்.

என் ஜன்னலில் மட்டும் தாள் இல்லை. எனக்குச் சம்பளம் நிற்கவில்லை. அந்தக் கூச்சத்தில் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தேன். கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு சரி.

பதினொன்று பத்துக்கு லிஃப்ட் மெக்கானிக்குக்கு இணைப்பு கிடைத்தது.

எதிர் வரிசையில் முதல் மாடி அவர் வீடு. மூன்று மாதமாக எந்தக் கட்டிடமும் அவரைக் கூப்பிடவில்லை. மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி ஆறு நாள்தான் ஆகிறது. வாடகைக்கு எடுத்த ஆக்ஸிஜன் இயந்திரத்தில் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாடகைக்கும் வரி உண்டு. மூச்சு விடவும் வரியா என்று அவர் கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்தார். முறையீடு பதிவானதற்குக் குறுஞ்செய்தி காட்டினால் வாடகை பாக்கிக்குப் பொறுத்துக்கொள்வதாகவும், இல்லையென்றால் நாளைக் காலையில் இயந்திரத்தை எடுத்துப் போவதாகவும் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு படியிறங்கி முற்றத்தின் நடுவுக்கு ஓடி வந்தார். மற்ற போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. யாரோ அழுகிற குழந்தையை உள்ளே தூக்கிப் போனார்கள். அத்தனை பேர் இருந்த இடத்தில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. எங்கிட்ட இருபத்தாறு நம்பர் இருக்கு. முடிஞ்ச வரைக்கும் எழுதிக்கோங்கம்மா."

மறுமுனை மறுக்கவில்லை.

முதலில் தன் எண்ணைத்தான் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் ஒருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். பெண்டாட்டியின் உயிரல்லவா?

அவர் தலையை நிமிர்த்தித் தையற்காரியின் ஜன்னலைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினார். எட்டு இலக்கம். அடுத்து பெயிண்டர் வீடு. அடுத்து டாக்ஸிக்காரர் வீடு. நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பித் திரும்பி, மாடி மாடியாகப் படித்தார்.

அவர் மனைவி மூக்கில் குழாயோடு ஜன்னலில் சாய்ந்திருந்தாள். அவராவது பழக்கத்தில் பிறத்தியாரை முன்னால் விட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். அவள்? ஒருமுறை கூடத் தங்கள் தாளைத் தட்டிக் காட்டவில்லை. அவர் ஒரு வீட்டைத் தவறவிட்டபோது கையை நீட்டி அந்த வீட்டைக் காட்டினாள்.

இத்தனை வருடம் இவர்களோடு ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியிருக்கிறேன். இவர்கள் இவ்வளவு பெரியவர்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

இருபத்தைந்து எண்கள் முடிந்தன. அவர் தன் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"நாலு... ஏழு..."

அவ்வளவுதான். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார்.

பத்து நிமிடம் ஆகிவிட்டிருந்தது.

தையற்காரி வாய்விட்டு அழுதாள். மெக்கானிக் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அவள் பரவாயில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

நான் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினேன். ஒரே அழைப்பில் இருபத்தாறு விண்ணப்பங்களா என்று நாளைக்கு மேலதிகாரி கேட்பார். வேலைகூடப் போகலாம். போகட்டும்.

அவர் "அம்மா" என்று கூப்பிட்டபோதே, கண்ணாடி வழியாக எதிர் ஜன்னலைப் பார்த்து அவர் எண்ணைத்தான் முதலில் பதிந்திருந்தேன்.