வீடு எது என்று எழுதவில்லை

செருப்பில் புகுந்த கல்லை எடுக்கக் குனிந்தபோதுதான் மருதமரத்தின் வேர்ப்பொந்தில் அந்த நீல மூடி அவள் கண்ணில் பட்டது.

ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா.

சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆற்றோர நடைபாதையில் காலை நேரத்து ஆட்கள் கைகளை வீசிக்கொண்டு போனார்கள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

உள்ளே ஒரு நோட்டு. ஒரு மைப்பெட்டி. மீன்கொத்தி உருவம் செதுக்கிய ரப்பர் முத்திரை. மூடியின் உட்புறம் யாரோ எழுதி ஒட்டியிருந்தார்கள்:

கண்டுபிடித்துவிட்டீர்கள். ஒரு வரி எழுதி, முத்திரை குத்தி, எடுத்த இடத்திலேயே வையுங்கள். வேறு யாரிடமும் சொல்லாதீர்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து மூன்று மாதம். அரசு மருத்துவமனையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. சர்க்கரைக்காக நடக்கிறாள். இந்த ஊர் அவளிடம் முதல்முறையாக ஒரு ரகசியம் சொல்லியிருக்கிறது.

பக்கங்களைப் புரட்டினாள்.

ஆறு கிலோமீட்டர், அருமையான காற்று. பக்கத்தில் மீன்கொத்தி முத்திரை.

மனைவியோடு முதல் நடை. மீன்கொத்தி.

அடுத்த பக்கத்தில் முத்திரை இல்லை. பள்ளிக்கூடக் கையெழுத்து. கோணாமல், அடிக்கோட்டை விட்டு இறங்காமல்.

"நான் ஒன்பதாவது பாஸ். எனக்கு வைகாசி இருபத்தொண்ணு கல்யாணம்னு சொல்றாங்க. இத படிக்கிறவங்க யாராவது எங்க வீட்டுக்கு வந்து எங்கப்பாகிட்ட பேசுங்க. பெரியவங்க சொன்னா கேப்பாரு."

அவ்வளவுதான்.

வீடு எது என்று எழுதவில்லை. பெயரும் இல்லை.

கீழே மற்றவர்கள் எழுதியிருந்தார்கள்.

தைரியமாக இரு தங்கச்சி.

உனக்காகப் பிரார்த்திக்கிறேன்.

உதவி எண்ணுக்குப் போன் செய்யம்மா.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் மீன்கொத்தி. எல்லாம் வைகாசிக்கு முன்னால் போட்ட தேதிகள்.

இன்று ஆடி நான்கு.

அவள் பேனாவை எடுத்தாள். தேதி போட்டாள். பேனாவை மூடிவிட்டுப் போனை எடுத்தாள்.

அந்த மரத்தடியில் நின்றபடியே குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்தாள். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பெயர் என்ன என்றார்.

"இந்திராணி."

"உங்க பேரு இல்லம்மா. அந்தப் பொண்ணு பேரு."

தெரியாது என்றாள். தெருப் பெயர் கேட்டார். அதுவும் தெரியாது. எந்தப் பள்ளிக்கூடம் என்று மட்டும் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். நோட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். அனுப்பினாள்.

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பெண்கள் பள்ளிக்குப் போனாள். தலைமையாசிரியை படத்தை உற்றுப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். பத்தாம் வகுப்புக்குப் பதினோரு பேர் திரும்பி வரவில்லை என்றார். சிலர் மில்லுக்கு, சிலர் வேறு ஊருக்கு. சிலருடைய வீடு பூட்டிக் கிடக்கிறது. பட்டியலை அப்போதே மேலே அனுப்பியாயிற்றாம்.

"எல்லாருக்கும் எழுத்த நான்தான் திருத்தினேன். எல்லாம் ஒரே மாதிரிதாங்க எழுதுதுங்க."

போனை அவர் உடனே திருப்பித் தரவில்லை.

பதினெட்டாம் பெருக்கு வந்தது. ஆறு நிறையத் தண்ணீர். புதிதாய்க் கல்யாணமான பெண்களை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருப்பார்கள், அவர்கள் எல்லோரும் இன்று படித்துறைக்கு வருவார்கள் என்று இந்திராணிக்குத் தெரியும். விடிந்ததும் போய் நின்றாள்.

ஈரப் படிகளில் அத்தனை மஞ்சள் கயிறுகள். அத்தனை புதுச் சேலைகள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எந்த முகத்தைத் தேடுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இருபது வயது பதினைந்து போல இருந்தது. பதினைந்து இருபது போல இருந்தது.

உச்சி வெயில் ஏறியபோது கிளம்பலாம் என்று திரும்பினாள்.

"அம்மா, இத எம் பொண்ணுக்குக் கட்டி விடுங்களேன். சுமங்கலியா வாழுறவங்க கையால கட்டுனா நல்லது."

மஞ்சள் நூலை நீட்டியவள் பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். தாயின் மூக்கு. சேலை முந்தானை கையில் சுருண்டு கிடந்தது. அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இந்திராணி நூலை வாங்கினாள். அந்தப் பெண்ணின் பின்னால் போய் நின்று ஈரக் கூந்தலை ஒதுக்கினாள். காதோரம் குனிந்து கேட்டாள்.

"என்ன படிச்சிருக்க?"

பெண் தாயைப் பார்த்தாள்.

"பத்தொம்பது முடிஞ்சிருச்சுங்க" என்றாள் தாய்.

படியில் பெண்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். யாரோ சீக்கிரம் கட்டச் சொன்னார்கள். இந்திராணி நூலின் இரு முனைகளையும் சேர்த்தாள்.

அந்தப் பெண் திரும்பாமல், ஆற்றைப் பார்த்தபடியே, இவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"இறுக்கிக் கட்டிராதீங்க."