ஆடினால் எட்டு

"குழுன்னா எட்டுப் பேர் வேணும், பெரியவரே. இல்லேன்னா இன்னியோட ஹாலைப் பூட்டிடுவேன்." குடியிருப்புச் செயலாளர் சாவியை ஆட்டினார்.

எங்களோடு ஆடிவந்த தையல்காரர் போன மாதம் இறந்துவிட்டதால், சாமி கோலாட்டத்துக்கு நாங்கள் ஏழு கிழங்கள்தான். அதற்காக அசந்துவிடுவோமா? கோலை எடுத்தோம். என் முழங்கால் போட்ட சத்தத்தில் மூன்று தெரு அதிர்ந்தது.

ஏழு பேர் ஜோடி கட்டினால் ஒருவர் கோல் காற்றைத்தான் அடிக்க வேண்டும். எந்தக் கோலும் காற்றை அடிக்கவில்லை.

செயலாளர் எண்ணினார். எட்டு. நிறுத்தச் சொல்லி எண்ணினார். ஏழு. மறுபடி ஆடச் சொன்னார். எட்டு.

"என்ன பெரியவரே இது?"

"ஆடத்தானே ஹால் தர்றீங்க? ஆடும்போது எண்ணினதை எழுதிக்கங்க, தம்பி."

சாவியை என் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

தையல்காரரின் கோல்கள் சுவரில் மாட்டியபடியே தொங்கின. பிடிகள் மட்டும் வியர்வையில் நனைந்திருந்தன.