ஞாயிறு மூன்று மணி ரசிகர்கள்

டிக்கெட் கவுண்டர் பேர்ணடெற்றைப் பற்றி மனேஜரிடம் முறைப்பாடு எழுதிக் கொடுத்தது நான்தான். மூன்று பக்கம். கையெழுத்தும் போட்டேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய இரும்பு உருக்காலை இருக்கிறது. அதையும், அதைக் கட்டிய வெள்ளைக்காரத் துரையின் மாளிகையையும் சுற்றிக் காட்டுவது என் வேலை. ஆங்கிலத்துக்கு ஒருத்தர், சிங்களத்துக்கு ஒருத்தர், தமிழுக்கு நான். ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு மட்டும்.

ஆறு பேராவது சேர வேண்டும். ஒரு ஞாயிறு ஆள் குறைந்தாலும் தமிழ்ச் சுற்றை நிறுத்திவிடுவேன் என்று மனேஜர் சொல்லியிருந்தார். அதோடு என் வேலையும் போய்விடும்.

இரண்டு வருடமாக ஒரு ஞாயிறும் குறையவில்லை. எல்லாம் என் பேச்சின் மகிமை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற றெஜி, துரையின் சாப்பாட்டு அறைக்குள் போனதும் மர வாங்கில் உட்கார்ந்து சாய்ந்து கண்ணை மூடிவிடுவார். ஆழ்ந்து ரசிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மாளிகைக்குப் பக்கத்துத் தெரு ஷெரோமி, உருகிய இரும்பை அச்சில் ஊற்றும் கதையை நான் தொடங்கினால், அடுத்த வசனத்தை எனக்கு முன்னால் சொல்லி முடிப்பாள். அதையும் பாராட்டுக் கணக்கில் சேர்த்தேன்.

இவ்வளவு சனத்தை இழுத்து வருகிற எனக்கு டிக்கெட் கவுண்டர் பேர்ணடெற் மட்டும் மரியாதை தருவதில்லை. இரண்டு மணியானால் போனைக் காதில் வைத்துவிடுவாள். நான் போய் நின்றால் முதுகைத் திருப்பிக்கொண்டு குசுகுசுப்பாள்.

"யாரோட இவ்வளவு கதை, பேர்ணடெற்?"

"ஒண்டுமில்ல சேர். வீட்டு விஷயம்."

"டியூட்டி நேரத்தில வீட்டு விஷயமோ?"

"இன்னும் ரெண்டே ரெண்டு கோல் சேர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். பொறுப்பு, ஒழுக்கம், பாரம்பரியம் என்று ஒரு சொல்லையும் விட்டு வைக்கவில்லை.

மனேஜர் அந்தக் கடிதத்தை அவளிடமே வாசிக்கக் கொடுத்தாராம். இனி வேலைக்கு வந்ததும் போனை மேல்மாடியில் தன் மேசை லாச்சிக்குள் வைத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். எனக்குப் பரம திருப்தி.

அடுத்த ஞாயிறு புதுச் சட்டையோடு போனேன். இரண்டரை மணி, வாசலில் ஒருத்தருமில்லை. இரண்டே முக்கால், அப்போதும் இல்லை. ரோட்டில் போன ஒருவரைக் கூப்பிட்டு, "மாளிகை பார்க்க வாறீங்களோ?" என்று கேட்டேன். அவசரமாக மீன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மேல்மாடி யன்னலால் மனேஜர் எட்டிப் பார்த்தார். சரியாக மூன்று மணிக்கு இறங்கி வந்து தலைகளை எண்ணுவது அவர் வழக்கம். கவுண்டரடிக்கு ஓடினேன்.

"என்ன பேர்ணடெற், ஒருத்தரையும் காணேல்ல? என்ர ஆக்கள் எங்க?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கடிதத்தைப் பற்றி நாலு வார்த்தை கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கையை நீட்டினாள்.

"உங்கட போனைத் தாங்க சேர். ஆறு பேர்ட நம்பரும் எனக்குப் பாடம், இப்ப கூப்பிட்டாலும் பத்து நிமிஷத்தில நடந்து வந்திருவாங்க. றெஜி அண்ணைதான் கொஞ்சம் முரண்டு பிடிப்பார். இண்டைக்குக் கதையைச் சுருக்கமாச் சொல்லுவீங்க எண்டு சொல்லட்டா?"