பல்லிக்கு விழுந்த கைதட்டல்

அந்த வீட்டுப் பல்லி எவ்வளவு கத்தினாலும் யாரும் இப்போது பஞ்சாங்கத்தில் பலன் பார்ப்பதில்லை. அது நொந்துபோய்க் கிடந்தபோது, அடுத்த தெருப் பெருச்சாளி பத்து எலிகளோடு வந்தது.

“அண்ணே, எங்க தெருவே உங்க வாக்குக்குத்தான் காத்துக்கிடக்கு!”

எலிகள் கைதட்டின. பல்லிக்குத் தலைகால் புரியவில்லை. “நான் என்ன சொல்லணும்?”

“பொய்யெல்லாம் வேண்டாம்ணே. பூனை வரும்போதெல்லாம் ஒரு தடவை கத்துங்க, போதும்.”

பூனை உள்ளே வந்தபோதெல்லாம் பல்லி தவறாமல் கத்தியது. மிரண்டுபோன வீட்டுக்காரர்கள் பஞ்சாங்கத்தைத் தூசி தட்டிப் பார்த்து, மூன்றாம் நாளே பூனையை விரட்டிவிட்டார்கள்.

மறுநாள் கைதட்ட ஒரு எலிகூட இல்லை. எல்லாம் அரிசி மூட்டைக்குள் இருந்தன.

“இன்னைக்கு என்ன சொல்லட்டும்?” என்றது பல்லி.

“உங்க இஷ்டம்ணே” என்றது பெருச்சாளி, பஞ்சாங்கத்தில் பல்லிக்குப் பலன் போட்டிருந்த பக்கத்தை மென்றுகொண்டே.